கூட்டினால் எட்டு

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்களின் வருகைப் பதிவேடு தலைமையாசிரியரின் மேசைமேல் திறந்தே கிடக்கும். காலை ஏழரை மணி ஆனதும் அவர் சிவப்புப் பென்சிலை எடுத்து, கடைசியாகக் கையெழுத்துப் போட்டவரின் பெயருக்குக் கீழே அடிக்கோலை வைத்து ஒரு கோடு இழுப்பார். நேரத்தோடு வந்தவர்கள் கோட்டுக்கு மேலே, நேரம் தப்பி வந்தவர்கள் கீழே. அறுபதுகளின் தொடக்கத்தில் ஓராண்டு முழுக்க, வாரத்துக்கு இரண்டு நாளாவது, நான் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் கையெழுத்துப் போட்டேன். பெரும்பாலான நாட்களில் கீழே என் பெயர் மட்டும்தான் இருக்கும்.

நாங்கள் தேக்கா சந்தைக்குப் பின்னால் ஒரு கடைவீட்டின் மாடியில், ஓர் அறையில் குடியிருந்தோம். நான், என் கணவர், ஒரு வயதுகூட நிரம்பாத பெண் குழந்தை. பள்ளிக்கூடம் தீவின் மறுகோடியில், சுவா சூ காங் பக்கம், ரப்பர் தோட்டத்தை ஒட்டி இருந்தது. காலையில் ஐந்தே காலுக்கெல்லாம் குழந்தைக்குப் பால் கொடுத்து, அடுத்த அறை அக்காவிடம் விட்டுவிட்டுக் கிளம்புவேன். ஒரு பஸ் பிடித்து புக்கித் தீமா சாலையின் முனைவரை போக வேண்டும். அங்கே இன்னொரு பஸ். அது வரும், அல்லது வராது. வந்தாலும் கோழிக்கூடைகளும் கீரைக்கட்டுகளும் ஏறின பிறகு மனிதர்களுக்கு இடம் இருந்தால் உண்டு. இறங்கியபின் செம்மண் பாதையில் கால் மணி நேரம் நடை. மழை பெய்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வேன். பாதங்களில் சேற்றோடு போய் அந்தப் பதிவேட்டின் முன்னால் நிற்பேன்.

அந்த வேலை எனக்குச் சும்மா கிடைக்கவில்லை. பகலில் தையல் வேலை செய்துகொண்டு, சாயங்கால வகுப்பில் மூன்று வருஷம் பயிற்சி முடித்து வாங்கினது. முதல் வகுப்பில் எனக்கு இருபத்தாறு பிள்ளைகள். ரப்பர் மரத்தில் பால்வெட்டுகிறவர்களின் பிள்ளைகள். என்னைத் தவிர வேறு யாரும் அவர்களை 'வாங்க, உட்காருங்க' என்று மரியாதையாகக் கூப்பிட்டதில்லை. வகுப்பில் நான் கோபக்காரி, ஆனால் அந்த வேலையை நான் நேசித்தேன். என் கணவரை நேசித்ததைவிட அதிகமாக நேசித்தேன் என்று இப்போது எழுத எனக்கு வெட்கமில்லை.

பிப்ரவரியில் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். அவர் நல்ல மனிதர்தான். ஆனால் நிர்வாகக் குழுவினர் மாதாமாதம் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கிறார்கள், இந்த வருஷக் கடைசிக்குள் நான் ஒரு வழி பண்ணிக்கொள்ளாவிட்டால் அடுத்த வருஷம் என்னை வைத்துக்கொள்ள முடியாது என்றார். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே குடிவரலாமே என்றும் கேட்டார். என் கணவருக்குத் துறைமுகத்தில் கிராணி வேலை, அதாவது குமாஸ்தா. எட்டரைக்கு அவர் அங்கே இருக்க வேண்டும். தோட்டத்தில் குடியிருந்தால் அவர் பெயருக்கு மேலே அங்கே ஒருவர் கோடு இழுப்பார்.

கார் என்ற யோசனையைச் சொன்னது நான்தான். அலுவலக வேனை அவசரத்துக்கு ஓட்ட வேண்டும் என்று அவருக்கு முதலாளியே உரிமம் எடுத்துக் கொடுத்திருந்தார். சின்னதாக, பழையதாக, விலை குறைந்த ஒரு கார் போதும். ஆறரைக்குக் கிளம்பினால் ஏழு பத்துக்கு என்னை இறக்கிவிடலாம். திரும்பித் துறைமுகத்துக்குப் போக அவருக்கு நேரம் தாராளமாக இருக்கும். பள்ளி விட்டு வரும்போது நான் பஸ்ஸில் ஆற அமர வந்துகொள்வேன். இதைச் சொல்லி முடிக்க எனக்கு ஒரு கோப்பை கோப்பி குடிக்கும் நேரம்தான் ஆயிற்று.

அவர் யோசிக்க வேண்டும் என்றார். மறுநாள் அலுவலகத்திலிருந்து ஒரு நீளத் தாள் கொண்டுவந்தார். நடுவே நேராக ஒரு கோடு போட்டு, இடப்பக்கம் 'நன்மை' என்றும் வலப்பக்கம் 'தீமை' என்றும் அழகான கையெழுத்தில் எழுதி, பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தார்.

என் கணவர் கெட்டவர் இல்லை. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து கொடுப்பார். இதைச் சொல்லிச் சொல்லியே எல்லாரும் என் வாயை அடைத்தார்கள். கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். இவரோ தாளில் எழுதிக்கொண்டிருந்தார்.

நன்மைப் பக்கத்தில் மழையில் நனைய வேண்டாம் என்று எழுதினார். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடலாம். ஞாயிற்றுக்கிழமை பிடோக் கடற்கரைக்குப் போய்வரலாம். நாலு பேர் மத்தியில் மதிப்பு. தீமைப் பக்கம் மளமளவென்று நீண்டது. பெட்ரோல், ரோட்டு வரி, இன்ஷூரன்ஸ், டயர். நிறுத்த இடமில்லை, தெருவில் நிறுத்தினால் யாராவது ஆணியால் கீறுவார்கள். உறவுக்காரர்கள் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் இரவல் கேட்பார்கள், கொடுக்காவிட்டால் மனஸ்தாபம். நல்ல காராக இருந்தால் எதற்காக விற்கிறான்? சின்னக் கார் என்றால் லாரி இடித்தால் என்ன ஆகும்?

நான் இரண்டு பக்கத்தையும் மேலிருந்து கீழே படித்தேன். என் வேலை எந்தப் பக்கத்திலும் இல்லை. கேட்டேன்.

"அதான் 'போக்குவரத்து வசதி'ன்னு அஞ்சாவதா போட்டிருக்கேனே, பாரு. அதுல எல்லாம் அடங்கிரும்" என்றார்.

பென்சிலை வாங்கி நானே ஒரு வரி எழுதியிருக்கலாம். ஏன் எழுதவில்லை என்று இன்றுவரை எனக்கு நான் சொல்லிக்கொள்ளும் பதில் எதுவும் திருப்தியாக இல்லை. அது அவருடைய தாள் என்று நினைத்தேன். அப்படித்தான் என்னை வளர்த்திருந்தார்கள்.

அதற்குப் பிறகு ஊர் முழுக்கக் கருத்துக் கேட்டார். அவருடைய அலுவலகத்தில் கார் வைத்திருந்த ஒருவர் கார் மட்டும் வாங்காதே என்றார். கார் இல்லாத ஒருவர் உடனே வாங்கு என்றார். இரண்டையும் எழுதிக்கொண்டார். முடிவெட்டுபவர், ஜோகூர் பாலத்து நடுவில் நின்றுபோன ஒரு காரைப் பற்றி அரை மணி நேரம் கதை சொன்னாராம். அதுவும் தீமைப் பக்கம் ஏறியது. தேக்கா சந்தையில் மீன் விற்றவரைக்கூட விடவில்லை. அவர் சிரித்துக்கொண்டே, நீங்கள் கார்க்காரர் ஆகிவிட்டால் மீன் விலையைக் கொஞ்சம் ஏற்றித்தான் சொல்ல வேண்டும் என்று கேலி செய்திருக்கிறார். இவர் அந்தக் கேலியையும் வீட்டுக்கு வந்து தாளில் எழுதினார். நான் பார்த்துக்கொண்டே சோறு பரிமாறினேன்.

இதற்கிடையில் மூன்று கார்கள் வந்து போயின. ஒன்று அவர் இரண்டாம் முறை பார்க்கப் போவதற்குள் விற்றுப்போய்விட்டது. இன்னொன்றின் நிறம் சரியில்லை என்றார். மூன்றாவதை எதற்கு விட்டார் என்று அவருக்கே தெரியாது. நான் ஐந்தே காலுக்குக் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தேன். எனக்குப் பால் வற்றிப்போய், குழந்தை டின்பாலுக்கு மாறியது.

செப்டம்பரில் நாலாவது கார் வந்தது. ஊர் திரும்பும் ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய் விற்றுவிட்டுப் போனது. ரோச்சோர் கால்வாய் ஓரத்துப் பட்டறையில் நின்றது. இரண்டு கதவு, சாம்பல் நிறம், முதுகு வளைந்த சின்னக் கார். இவர் ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போய் அதன் அடியில் படுத்து, மேலே நிமிர்ந்து, இன்ஜின் சத்தத்தைக் கேட்டு, எல்லாம் பார்த்தார். மெக்கானிக் ஒரு குறையும் சொல்லவில்லை. விலையும் கைக்கு எட்டினதுதான். ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார்கள். அவர் அதை நேராக எங்கள் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்தினார்.

நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கீழே ஓடினேன். ஓடினேன் என்பதை மறைக்க மாட்டேன். கடைகளுக்கு முன்னால் இருக்கும் அஞ்சடி நடைபாதையில் கீழ்வீட்டுக்காரர் உட்கார்ந்து முட்டைகளைத் தட்டுகளில் அடுக்கிக்கொண்டிருந்தார். முட்டை மொத்த வியாபாரம் செய்த சீனர். எங்களோடு மலாயில் பேசுவார். அவரும் எழுந்து வந்து பார்த்தார். நான் கதவைத் திறந்து முன்பக்கம் உட்கார்ந்தேன். வெயிலில் சூடேறின ரெக்சினும் சிகரெட்டும் கலந்த வாசனை. கண்ணாடியில் செராங்கூன் சாலை தெரிந்தது. என் கணவர் சிரித்தார். ஏழு மாதத்தில் அந்த விஷயத்தில் அவர் சிரித்தது அன்றுதான். வாங்கிவிடுவார் என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

பிறகு நான் இறங்கி முன்னால் போய் நின்று பார்த்தேன். நம்பர் தகடு கண்ணில் பட்டது. ஒன்று, எட்டு, எட்டு, பூஜ்யம்.

அந்த வருஷங்களில் எங்கள் தெருவில் எண் பார்ப்பது காய்ச்சல் மாதிரி பரவியிருந்தது. வீட்டு எண்ணைக் கூட்டுவார்கள், பிறந்த தேதியைக் கூட்டுவார்கள், பெயருக்கு இன்னோர் எழுத்துச் சேர்ப்பார்கள். எட்டு சனிக்கு உரியது, எட்டு வந்தால் ஆகாது. என் அம்மா பஸ் டிக்கெட்டைக்கூடக் கூட்டிப் பார்த்து, எட்டு வந்தால் அன்று புதுக் காரியம் தொடங்க மாட்டாள். நான் இதையெல்லாம் நம்பினேன் என்று சொல்ல முடியாது. நம்பவில்லை என்றும் சொல்ல முடியாது. நான் நாள் முழுக்கப் பிள்ளைகளுக்குக் கூட்டல் சொல்லிக் கொடுக்கிறவள். எண்ணைப் பார்த்தால் மனம் தானாகக் கூட்டிவிடும். பதினேழு. ஒன்றும் ஏழும் எட்டு. இடுப்பில் குழந்தை இருந்தது. வாய் முந்திக்கொண்டது.

"கூட்டினா எட்டு வருதுங்க."

அவ்வளவுதான் சொன்னேன். சொன்ன கணத்தில் அவர் முகத்தைப் பார்த்தேன். பயமோ வருத்தமோ இருந்திருந்தால் மன்னித்திருப்பேன். அந்த முகத்தில் இருந்தது நிம்மதி. ஏழு மாதமாகத் தூக்கிக்கொண்டு திரிந்த சுமையை யாரோ வாங்கிக் கீழே வைத்துவிட்ட நிம்மதி. அதை நான் தெளிவாகப் பார்த்தேன்.

உடனே பின்வாங்கினேன். "பரவாயில்லைங்க, இதையெல்லாம் பாத்தா முடியுமா? வெள்ளக்காரன் நல்லாத்தானே ஓட்டியிருக்கான்?" என்றேன். எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, கோயிலில் பூசை போட்டுக்கொள்ளலாம் என்றேன். வேறு நம்பர் மாற்ற வழி உண்டா என்று கேட்டேன். மூன்று தடவை, மூன்று விதமாகச் சொன்னேன்.

"வேணாம்மா. உனக்கே மனசுல பட்டிருச்சு. குழந்தைய வேற ஏத்திக்கிட்டுப் போகணும். நீயே சொன்னப்புறம் நான் எப்படி வாங்குறது?"

ஜோசியக்காரனைக் கண்டால் நையாண்டி செய்கிற மனிதர் இவர். என் அம்மாவின் டிக்கெட் கணக்கைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவர். அன்று என்னைவிடப் பக்தியாக அந்த எட்டைப் பிடித்துக்கொண்டார். காரைத் திருப்பி விட்டுவிட்டு வந்து, தாளை எடுத்து, தீமைப் பக்கத்தின் கடைசியில் 'எண்' என்று எழுதினார். அதுவரை எல்லாம் பென்சில். இதை மட்டும் பேனாவால் எழுதினார்.

அன்றிலிருந்து எத்தனையோ வருஷம், எந்தப் பேச்சில் கார் வந்தாலும் 'நீதானே வேணாம்னு சொன்ன' என்பார். வேண்டாம் என்ற வார்த்தை என் வாயில் வரவில்லை. ஆனால் அந்த எட்டைச் சொன்னது நான்தான். அவர்மேல் வருகிற கோபத்தில் பாதி என்மேலேயே திரும்பிவிடுகிறது. அது இன்னும் ஆறவில்லை.

அடுத்த வாரமே அந்தக் கார் எங்கள் வாசலுக்குத் திரும்பி வந்தது. முட்டைக்காரர் வாங்கிவிட்டார். நம்பர் தகட்டில் இருந்த இரண்டு எட்டையும் விரலால் தட்டிக் காட்டி, 'பாகுஸ், பாகுஸ்' என்று சந்தோஷப்பட்டார். ரொம்ப நல்லது என்று அர்த்தம். சீனர்களுக்கு எட்டு என்றால் செல்வம். இப்படிப்பட்ட எண்ணை ஏன் விட்டீர்கள் என்று அவர் என் கணவரிடம் கேட்டாராம். இவர் என்ன பதில் சொன்னார் என்று என்னிடம் சொல்லவில்லை. பின்பக்க இருக்கையைக் கழற்றிவிட்டு அதில் முட்டைத் தட்டுகளை அடுக்கினார் முட்டைக்காரர். காலை ஆறரை மணிக்கு வண்டியைக் கிளப்புவார். எங்கே போவார் என்று கேளுங்கள். சுவா சூ காங் பக்கத்துக் கோழிப்பண்ணைகளுக்கு. என் பள்ளிக்கூடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அக்டோபர் கடைசியில் ஒரு நாள் விடியற்காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். முதல் பஸ்ஸைக் கோட்டை விட்டுவிட்டு அஞ்சடியில் நின்றேன். முட்டைக்காரர் கதவைத் திறந்து, "சிக்கு, ஏறுங்க" என்று மலாயில் சொன்னார். அவர் என்னை டீச்சர் என்று பொருள்படும் அந்த மலாய் வார்த்தையால்தான் எப்போதும் கூப்பிடுவார். ஏறிவிட்டேன். மடியில் இரண்டு காலித் தட்டுகளை வைத்துக்கொண்டேன். வழியெல்லாம் கண்ணாடியில் மழை கொட்டியது, உள்ளே ஒரு துளி விழவில்லை. அவர் துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஓட்டினார். ஏழு ஐந்துக்குப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டார். காய்ந்த பாதங்களோடு போய்ப் பதிவேட்டில் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டேன். பக்கம் வெறுமையாக இருந்தது, எங்கும் கோடு இல்லை. பிள்ளைகள் வருவதற்கு முன்னால் என் வகுப்பில் தனியாக உட்கார்ந்து அழுதேன்.

அன்று சாயங்காலம் என் கணவரிடம் சொன்னேன். தினமும் அதே வழியாகத்தான் முட்டைக்காரர் போகிறார், மாதம் ஏதாவது கொடுத்துவிட்டு அவரோடு போகிறேனே என்றேன். இவர் செய்தித்தாளை மடித்து வைத்தார்.

"அடுத்தவன் கார்ல தினமும் தனியா போனா தெருவுல நாலு பேரு என்ன பேசுவாங்க? யோசிச்சுப் பாரு."

காரின் எண்ணைப் பற்றி அவர் அன்று ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. நான் அந்தக் காரில் போய்வந்ததில் அவருக்கு எட்டு ஞாபகத்துக்கே வரவில்லை. அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. விளங்கி என்ன பயன்? நாலு பேருக்கு நானும் பயந்தேன். மறுநாள் ஐந்தே காலுக்குக் கிளம்பி பஸ்ஸுக்கே போனேன். கீழே அந்தச் சாம்பல் நிறக் கார் மழைத்தண்ணீர் வடிய நின்றது. அதைத் தாண்டித்தான் போனேன்.

நவம்பரில் அடுத்தடுத்து நாலு நாள் கோட்டுக்குக் கீழே விழுந்தேன். ஐந்தாம் நாள் தலைமையாசிரியர் பதிவேட்டை மூடி வைத்துவிட்டு என்னை உட்காரச் சொன்னார். அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

"டீச்சர், கமிட்டிக்காரங்களா நீக்கினா அது உங்க பேர்ல நிக்கும். வேற ஸ்கூல்லயும் எடுக்க மாட்டாங்க. நீங்களே எழுதிக் கொடுத்துட்டீங்கன்னா மரியாதையா போயிரும். இன்னும் ரெண்டு வாரம் இருக்கு. வீட்டுல கலந்து பேசுங்க."

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்கு ஒரு அசட்டு நம்பிக்கை இருந்தது. இப்போதாவது, கத்தி கழுத்துக்கு வந்தபிறகாவது, இந்த மனிதர் அசைவார். வேறு ஒரு கார் பார்ப்பார். அல்லது நாலு பேர் எக்கேடோ கெடட்டும், முட்டைக்காரரோடு போ என்பார். அல்லது தோட்டத்துப் பக்கம் ஒரு அறை பார்க்கலாம், நான் பஸ்ஸில் கஷ்டப்பட்டுக்கொள்கிறேன் என்பார். நானே அவருக்காகப் பதில்களைத் தயார் செய்துகொண்டு போனேன். தலைமையாசிரியர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். இரண்டு வாரம் இருக்கிறது என்பதை இரண்டு தடவை சொன்னேன். தலையை ஆட்டிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சன்னல் பக்கம் போய்விட்டார்.

மறுநாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் பையிலிருந்து ஒரு நீள உறையை எடுத்து என் முன்னால் வைத்தார். உள்ளே ராஜினாமாக் கடிதம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அலுவலகத்துத் தட்டெழுத்துப் பொறியில் தானே அடித்திருந்தார். இந்த ஒன்றுக்கு அவர் எந்தத் தாளிலும் கோடு போடவில்லை. முடிவெட்டுபவரைக் கேட்கவில்லை, மீன்காரரைக் கேட்கவில்லை, என்னையும் கேட்கவில்லை. என் பெயருக்கு மேலே கையெழுத்துக்கு அளவாக இடம் விட்டிருந்தார்.

பேனாவின் மூடியைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

"நிதானமா படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடு. ஒண்ணும் அவசரம் இல்ல" என்றார்.

நான் படிக்காமலே போட்டேன்.